ஐம்பது அடிக் கயிறு

முக்கால் மணி நேரமாக
ஒரு கயிற்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறான் வாகீசன்.

ஐம்பது அடி. சணல்.
விதிப்புத்தகத்தில் ஒரு வெள்ளிக்காசு.
நான் மூன்று என்றேன்.
அதுதான் நான் செய்த பிழை.

ஏஜாக்ஸில் ஒரு நிலக்கீழ் அறை.
யன்னலின் கீழ்ப்பாதியில் பனி, மேல்பாதியில் இருட்டு.
ரோல்ஸ் இருந்த தட்டில் எண்ணெய்க் கடதாசி மட்டும்.
ட்ராகனின் குகைக்குப் போகும் வழியை
இரண்டு இரவு விழித்து வரைந்திருந்தேன்.
அது மேசையில் கிடக்கிறது,
அதன்மேல் யாரோ கோப்பிக் கோப்பையை வைத்திருக்கிறார்கள்.

உறுமன் என்ற கடைக்காரனை
ஐந்து நிமிடத்துக்கென்றுதான் உருவாக்கினேன்.
குள்ளன். ஒரு கண் மங்கல். அவ்வளவுதான்.
இப்போது அவனுக்கு
நொண்டி நடக்கும் கழுதை ஒன்று இருக்கிறது,
நான்கு மாத வாடகைப் பாக்கி இருக்கிறது,
கயிறு திரிக்கிற தங்கை ஒருத்தி இருக்கிறாள்.
எல்லாம் வாகீசன் கேட்டுக் கேட்டுப் பிறந்தவை.

"இந்தப் பிரி தளர்ந்திருக்கு."
"தளர்ந்தது பிரி இல்லை ஐயா, உங்கட பிடி."
"பக்கத்துக் கடையில ஒன்றரைதான்."
என் வரைபடத்தில்
பக்கத்துக் கடையே இல்லை.

பகடையை உருட்டி முடி என்கிறாள் கிருபாஜினி.
தன் மந்திரவாதிக்குப் பறக்கத் தெரியும் என்பதை
மூன்றாம் முறையாக நினைவூட்டுகிறான் ஜோயெல்.

வழமையில் நானும் அப்படித்தான்.
ஒரே உருட்டு.
பதினைந்துக்கு மேல் விழுந்தால் பாதி விலை,
கீழே விழுந்தால் வாயை மூடிக் காசை வை.
இருபது முகமுள்ள நடுவர்,
எந்த முகத்துக்கும் தாட்சண்யம் இல்லை.

பகடையைக் கையில் எடுத்தேன்.
செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது.

ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூன்று அறை வீடு. கூரை ஒழுகும்.
கேட்ட விலைக்கு மேல் அறுபதாயிரம் எழுதினான்.
வீட்டைச் சோதிக்கத் தேவையில்லை என்று எழுதினான்.
வங்கி நிபந்தனை வேண்டாம் என்று எழுதினான்.
விற்பவரின் முகத்தை அவன் பார்க்கவேயில்லை.
'கூரை' என்ற ஒரு சொல்லைச் சொல்வதற்கு
எதிரே ஆள் இருக்கவில்லை.
இரவு பதினொன்று பத்துக்கு
முகவரிடமிருந்து ஒரு வரி:
வேறொருவர் இன்னும் மேலே.

அது ஏழாவது வீடு.

ஆனை வாங்கியவன்
அங்குசத்துக்கு மல்லுக்கட்டுகிறான் என்று சிரிக்கலாம்.
ஆனால் இவனுக்கு ஆனையே கிடைக்கவில்லையே.

பகடையைத் திரும்ப வைத்தேன்.
உறுமனின் தொண்டையைச் செருமினேன்.

"இரண்டே முக்கால்."
வாகீசன் சட்டைக்கையை மடித்தான்.
"இரண்டு. கழுதையின்ர காலுக்கு
என்னட்ட இருக்கிற மருந்தெண்ணெய் தாறன்."
"இரண்டரை. எண்ணெயும்."
"அப்ப எண்ணெய் அரைக்குப்பிதான்."
"அரைக்குப்பி எந்தக் காலுக்குப் போதும்?"
"நொண்டுற காலுக்கு."
கிருபாஜினி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"வேண்டாம், நாங்கள் போறம்" என்று
வாகீசன் எழுந்தான்.
உண்மையாகவே எழுந்து,
கதிரையைத் தள்ளி,
படிக்கட்டு வரைக்கும் நடந்து,
முதற்படியில் கால் வைத்து,
மெதுவாக,
மிக மெதுவாக
இரண்டாம் படிக்குக் காலைத் தூக்கினான்.

"ஐயா! நில்லுங்கோ."

அவன் திரும்பிய முகத்தை
இந்த வருடத்தில் நான் கண்டதில்லை.

இரண்டு வெள்ளி, அரைக்குப்பி எண்ணெய்.
கொசுறாக ஒரு துருப்பிடித்த கொளுக்கி.
புத்தகத்து விலை ஒன்று என்று
நான் சொல்லவில்லை.
கயிறு, ஐம்பது அடி என்று
தன் தாளில் எழுதினான்.
அழுத்திய அழுத்தில்
எழுத்து மறுபக்கம் தடித்தது.

குகைக்கு அடுத்த வெள்ளி.
ஜோயெல் காரின் பனியைச் சுரண்டும் சத்தம்
மேலே நெடுநேரம் கேட்டது.

மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து
கழுதைக்கு ஒரு பெயர் வைத்தேன்.
எண்ணெய் வேலை செய்யுமா என்று பார்க்க,
இப்போது,
தனியாக,
பகடையை உருட்டினேன்.